வன்னிக் காணி, முதுசம், நன்கொடை: எந்தச் சட்டம் எங்கே பொருந்தும்?

08 ஆனி 2025

வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா தை மாதம் காலமானார். அம்மா முன்பே இல்லை. தேசவழமைப்படி காணி எங்கள் நால்வருக்கும் சமமாக வந்துவிட்டது. லண்டனில் இருக்கும் தம்பி தன் கால்வாசிப் பங்கை எனக்கு அன்பளிப்பாக எழுதித் தரச் சம்மதிக்கிறான். அன்பளிப்புக்கு அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி கட்ட வேண்டும்?"

வரியைப் பற்றிப் பேசும் முன்னர் அந்தக் காணியின் கடதாசி எது என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் காணி என்றால் பெரும்பாலும் உறுதிக்காணிதான், அதாவது உறுதிப்பத்திரத்தால் உரித்துள்ள தனியார் காணி. வன்னியில் அப்படியல்ல. இரணைமடுவின் கீழும், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் போன்ற குளங்களின் கீழும் குடியேறிய குடும்பங்களின் வயலும் மேடும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில், ஊரில் சொல்வது போல பேர்மிற்றில், கொடுக்கப்பட்டவை. அந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, மரணசாசனம் (உயில்) எழுதாமல் இறந்தவரின் காணி யாருக்குப் போகும் என்று சொல்லும் வேறெந்தச் சட்டமும் இத்தகைய காணிக்குப் பொருந்தாது என்று விதிக்கிறது. வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் அதில் அடங்கும். ஆகவே வாசகரின் காணி பேர்மிற் காணியாக இருந்தால், நால்வருக்கும் சமமாக வந்துவிட்டது என்ற முதல் வாக்கியமே நிற்காது. தம்பியிடம் கொடுப்பதற்குக் கால்வாசிப் பங்கு என்று ஒன்றும் இருக்காது.

நான் சட்டத்தரணி அல்லேன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக் காணிக்காகவும், பிறகு அயலவர்களுக்குத் துணையாகவும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலும் காணிப் பதிவகத்திலும் நீதிமன்ற வாசலிலும் நின்று அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

08 ஆனி 2025, இரவு

"எங்களிடம் இருப்பது பேர்மிற் அல்ல, ஜனாதிபதியின் கையொப்பத்தோடு வந்த அளிப்புப் பத்திரம், அது உறுதிதானே?" என்று இன்னொருவர் கேட்கிறார். இல்லை. ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் வழங்கப்பட்ட அளிப்புகளும் அதே கட்டளைச் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ நன்கொடை எழுதவோ முடியாது. அளிப்பில் குறிப்பிட்ட ஆகக்குறைந்த அளவுக்குக் கீழே காணியைத் துண்டாடவும் முடியாது. 2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தில் முழு உரித்து கிடைத்தவர்களின் நிலை வேறு. அவர்களுடைய காணி சாதாரண உறுதிக்காணியின் வழியில் போகும். பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றிப் பின்பக்கத்தையும் இணைப்பையும் வாசிக்க வேண்டும். நிபந்தனைகள் அங்கேதான் இருக்கின்றன.

12 ஆனி 2025

பின்னுரித்தாளர் நியமனத்தைப் பற்றிக் கேட்டிருப்பவர்களுக்கு விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் வன்னியில் நான் கண்ட குடும்பப் பிணக்குகளில் பெரும்பகுதி இந்த ஒரு படிவத்திலிருந்து பிறந்தது.

பேர்மிற்காரர் அல்லது அளிப்புக்காரர் தமக்குப் பின் காணி யாருக்குப் போக வேண்டும் என்று ஒருவரை நியமிக்கலாம். அந்த நியமனம் அவர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். கையொப்பமிட்ட படிவம் இருந்தாலும், சாட்சிகள் இருந்தாலும், ஊரறிந்த விருப்பமாக இருந்தாலும், இறந்த நாளுக்கு முன் பதிவாகாத நியமனம் சட்டத்தில் செல்லாது. எங்கள் அயலில் ஒரு பெரியவர் தம்மைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, படிவத்தைப் பேர்மிற்றோடு சேர்த்து ஓர் இரும்புப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார். பத்திரப்படுத்தியதாலேயே அது அலுவலகத்துக்குப் போகவில்லை. அவர் இறந்தபின் மகள் அந்தப் படிவத்தை நீட்டியபோது, காணி உத்தியோகத்தர் பேரேட்டைத் திறந்து காட்டினார். நியமன நிரலில் ஒன்றும் இல்லை.

நியமனம் இல்லாதபோது கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பேசும். அந்த அட்டவணை நெடுங்காலம் மகன்மாரை முதலிலும் மகள்மாரை அடுத்தும் வைத்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன், ஊரில் வயல் செய்யும் மகளுக்கு முன்னால் நின்றான். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. இப்போது பிள்ளைகள் என்ற ஒரே வகுப்பு. அதற்குள் மூத்தவருக்கு முன்னுரிமை. போருக்குப் பின் குடும்பத்தைத் தாங்கி நின்ற பெண்கள் இவ்வளவு பேர் உள்ள மண்ணில் இந்தத் திருத்தம் மிகவும் பிந்தி வந்தது என்பதே என் எண்ணம். ஆனாலும் வந்தது, இதை அறியாத குடும்பங்கள் இன்னமும் பல.

கவனிக்க வேண்டியது, மூத்தவர் என்பது ஒருவர். அட்டவணை பங்கு போடுவதில்லை.

13 ஆனி 2025

"ஒருவருக்கு மட்டும் கொடுப்பது அநியாயம்" என்று மூவர் எழுதியுள்ளனர். கொலனிக் காணியை, அதாவது இப்படிக் குடியேற்றத்துக்குக் கொடுத்த காணியை, துண்டாடவிடாமல் ஒரு குடும்பம் பிழைக்கக்கூடிய அலகாக வைத்திருப்பதே 1935இல் சட்டம் இயற்றியவர்களின் நோக்கம். மூன்று ஏக்கர் வயல் ஐந்தாகப் பிரிந்தால் ஒருவருக்கும் நெல் மிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் ஐந்து பிள்ளைகளில் நால்வர் வெறுங்கையோடு நிற்பதும் உண்மை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மற்றவர்களுக்கு நகையாலோ பணத்தாலோ மேட்டுநிலத்தில் வீடு கட்டும் சம்மதத்தாலோ ஈடு செய்த குடும்பங்களில்தான் சமாதானத்தைக் கண்டிருக்கிறேன். அந்த ஈட்டைச் சட்டம் செய்து தராது.

15 ஆனி 2025

மனைவி அல்லது கணவரின் நிலையைப் பற்றி. வாழ்க்கைத்துணை நியமிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் உரித்தடைவது அவரே. ஆனால் அது அவருடைய சீவியகாலத்துக்கானது. அவர் தம் விருப்பப்படி அதை வேறொருவருக்கு எழுத முடியாது. அவருக்குப் பின், இறந்தவர் நியமித்தவருக்கு, அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அட்டவணைப்படி போகும். இங்கே ஒரு காலக்கெடு இருக்கிறது: துணைவர் இறப்பு நாளிலிருந்து 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்று ஆட்சி செய்யத் தொடங்க வேண்டும். செய்யாவிட்டால் உரித்தடையத் தவறியவராகக் கருதப்படுவார். நியமிக்கப்பட்டவருக்கும் அதே 6 மாதம்தான். துணைவர் உயிரோடு இருந்தால் அவருடைய இறப்பிலிருந்து கணக்கு தொடங்கும். கணவர் இறந்த துக்கத்தில் மகளோடு வவுனியாவுக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பும் தாய்மாருக்கு இந்தக் காலக்கெடுவை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

19 ஆனி 2025

வட்டக்கச்சி வாசகர் பிரதேச செயலகத்துக்குச் சென்று பார்த்திருக்கிறார். வயலும் மேடும் பேர்மிற் காணியே. அப்பா தம் மூத்த மகளை நியமித்து, அது பதிவாகியும் இருக்கிறது. தம்பியின் பங்கு என்று அங்கே ஒன்றுமில்லை. ஆகவே அன்பளிப்பும் இல்லை, அதற்கான செலவும் இல்லை. மூத்த சகோதரி 6 மாதத்துக்குள் பொறுப்பேற்க வேண்டும்; தை மாத இறப்பு என்பதால் இன்னும் சில வாரங்களே உள்ளன.

ஆனால் அப்பாவுக்கு வடமராட்சியில் அவருடைய தகப்பனார் வழியாக வந்த சிறிய உறுதிக்காணி ஒன்றும் உண்டாம். அது முற்றிலும் வேறு கணக்கு. அந்தக் கணக்கை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

21 ஆனி 2025

உறுதிக்காணிக்கு வருகிறேன். இங்கே முதற்கேள்வி, இறந்தவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பது.

தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த வழக்காறு. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலுக் கொடுத்தார்கள். பின்னர் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் உரித்துரிமைக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தன. இன்று பங்கு கணக்கிடுவது இவற்றைக் கொண்டுதான்.

இது வடமாகாணத்தில் குடியிருக்கும் எல்லோருக்குமான சட்டம் அல்ல. "யாழ்ப்பாண மாகாணத்தின் மலபார் குடிகள்" என்று பழைய வாசகம் சொல்லும் வடபகுதித் தமிழருக்கானது. வன்னியில் இதனால் வரும் சிக்கல் பெரிது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. அவர்கள் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்று காட்ட முடியாவிட்டால் அவர்களுக்குப் பொதுச் சட்டமே, அதாவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே, பொருந்தும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த மூன்று வீடுகளுக்கு மூன்று பங்குக் கணக்கு வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் தம் தகப்பனாரின் காணியை எப்படிப் பிரித்தார் என்று கேட்டு அதன்படி நடப்பது அதனால்தான் ஆபத்தானது.

பங்கு எப்படி வேறுபடுகிறது என்றால், பொதுச் சட்டத்தில் துணைவருக்கு அரைவாசி, மற்ற அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாக. தேசவழமையில் சொத்து வந்த வழியைப் பார்க்க வேண்டும். பெற்றோரிடமிருந்து வந்த முதுசம் பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகள் இருக்கும்போது துணைவருக்கு அதில் பங்கில்லை. திருமண வாழ்வின்போது விலை கொடுத்து வாங்கிய தேடிய தேட்டத்தில், மரணசாசனம் இல்லாதபோது, இறந்தவருக்கு உரியதில் அரைவாசி துணைவருக்கும் மீதி அரைவாசி வாரிசுகளுக்கும் போகும். முதுசத்தை விற்ற காசால் வாங்கிய காணி தேடிய தேட்டமாகாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நிரூபிக்கப் பழைய விற்பனை உறுதிகளைத் தேடித் திரிந்த பிள்ளைகளை அறிவேன். காணி வாங்கும்போதே, எந்தப் பணத்தால் வாங்குகிறேன் என்று உறுதியில் ஒரு வரி எழுதச் சொன்னால் நொத்தாரிசு எழுதுவார்.

வட்டக்கச்சி வாசகரின் வடமராட்சிக் காணி முதுசம். நால்வருக்கும் கால்வாசி கால்வாசி.

22 ஆனி 2025

"சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோரின் முதுசத்தில் பங்கில்லை" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். பழைய தேசவழமையின் வாசனை அதில் இருக்கிறது. இன்றைய நிலையில், கலியாணத்தின்போதோ வாழ்வைத் தொடங்குவதற்கோ பெற்றோரிடமிருந்து மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பெற்றதைக் கணக்கில் சேர்த்துப் பங்கு போடுவது என்பதே சட்டத்தின் வழி. பெற்றோர் அதை விலக்கியிருந்தால் சேர்க்கத் தேவையில்லை. இது மகளுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட மகனுக்கும் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். காணி ஈடு வைத்து முகவருக்குக் கொடுத்த காசு யாருடைய வாழ்வைத் தொடங்கி வைத்தது?

29 ஆனி 2025

இனி வரி.

இறந்தவரின் சொத்தின் மீதான மரணவரி இலங்கையில் 1985இல் நீக்கப்பட்டது. அன்பளிப்பு வரி 1950களின் இறுதியில் பொருளியலாளர் நிக்கொலஸ் கல்டோரின் ஆலோசனைப்படி வந்தது. அதுவும் 1985இல் நீக்கப்பட்டது. எனவே தகப்பனிடமிருந்து காணி வந்ததற்காகவோ தம்பி தன் பங்கைத் தந்ததற்காகவோ பெறுபவர் அந்தப் பெயர்களில் வரி கட்டத் தேவையில்லை. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஏற்பாட்டில் அன்பளிப்பு மற்றும் பரம்பரைச் சொத்து வரியை மீண்டும் கொண்டுவருவது பேசப்பட்டது. அதனால்தான் "சீக்கிரம் எழுதி முடியுங்கள்" என்று இடைத்தரகர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அவசரத்தில் எழுதிய உறுதியைத் திருத்தும் செலவு வரியைவிடக் கூடுதலாகலாம்.

வரி இல்லை என்றால் செலவு இல்லை என்று பொருளல்ல. நன்கொடை உறுதிக்கு முத்திரைத் தீர்வை உண்டு. வழமையான வீதம், காணியின் பெறுமதியில் முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 2 வீதம். விற்பனை உறுதிக்கு முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 40 இலட்சம் பெறுமதியான காணியை நன்கொடையாக எழுதினால் 1,500 கூட்டல் 79,000, அதாவது 80,500 ரூபா. அதே காணியை அறுதியாக விற்றால் 3,000 கூட்டல் 156,000, அதாவது 159,000 ரூபா. இவற்றுக்கு மேல் நொத்தாரிசின் கட்டணமும் பதிவுக் கட்டணமும் வரும். விற்பனையை நன்கொடை என்று எழுதி மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார், செய்யக் கூடாது. காசு கைமாறியதும் உறுதி வேறு கதை சொல்வதும் பின்னாளில் நீதிமன்றத்தில் இருவரையும் வதைக்கும். வடக்கில் காணி விற்கும்போது கூட்டுரித்தாளருக்கும் வாரிசுகளுக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் வாங்கும் உரிமை, கொடுக்கும் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. நன்கொடை என்ற போர்வையில் அதைத் தவிர்க்க முயன்றதாகவும் குற்றச்சாட்டு வரும்.

முதலீட்டு ஆதாய வரி வேறு விடயம். பரம்பரையாக வந்த காணியைப் பின்னாளில் விற்று இலாபம் கண்டால், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தின் கீழ் அந்த ஆதாயத்துக்கு வரி உண்டு. தனிநபருக்கு 10 வீதமாக இருந்தது 2025 ஏப்ரல் முதல் 15 வீதம். 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிக்கு முன்பே கையில் இருந்த காணிக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியிலிருந்து ஆதாயம் கணக்கிடப்படும். ஆகவே அன்றைய பெறுமதிக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுத்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

03 ஆடி 2025

லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. இங்கே வரி இல்லை என்பது அங்கேயும் இல்லை என்பதாகாது.

பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டுகள் அங்கே வசித்தவருடைய உலகச் சொத்து முழுவதும் பரம்பரைச் சொத்து வரிக்குள் வரும். வடமராட்சியில் உள்ள கால்வாசி முதுசமும் அதில் அடங்கும். 325,000 பவுண்சுக்கு மேற்பட்டதற்கு 40 வீதம். வீடுள்ள எவருக்கும் இந்த எல்லை தொலைவில் இல்லை. அன்பளிப்பாகக் கொடுத்தபின் 7 ஆண்டுகள் உயிரோடு இருந்தால் அந்த அன்பளிப்பு கணக்கிலிருந்து விலகும். ஆகவே லண்டன் தம்பி தன் பங்கை அக்காவுக்குக் கொடுக்கத்தான் போகிறார் என்றால் தாமதிப்பதில் அவருக்கு நன்மை இல்லை.

கனடாவில் பரம்பரைச் சொத்து வரி என்று ஒன்று இல்லை. ஆனால் இறக்கும்போதும், உறவினருக்கு இலவசமாகக் கொடுக்கும்போதும், சந்தை விலைக்கு விற்றதாகக் கொண்டு ஆதாயத்துக்கு வரி கணக்கிடுவார்கள். நோர்வே 2014இல் பரம்பரைச் சொத்து வரியை நீக்கிவிட்டது.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் காணி பெறலாமா என்பது அடுத்த கேள்வி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுத்தாலும், நெருங்கிய உறவினருக்குப் பரம்பரையாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ போவதை விலக்கி வைத்திருக்கிறது. உறுதிக்காணிக்குத்தான் இது. பேர்மிற் காணியில் வெளிநாட்டுக் குடியுரிமையாளரைப் பின்னுரித்தாளராக நியமிப்பது வீண் பிணக்கை விதைப்பதாகும்.

09 ஆடி 2025

மரணசாசனமும் நீதிமன்ற நடவடிக்கையும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும். திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய மரணசாசனம் இரத்தாகும். மறுமணம் செய்தவர்களின் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மரணசாசனம் இருந்தால் அதில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் மாவட்ட நீதிமன்றத்தில் புறோபேற், அதாவது மரணசாசனத்தை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி, கேட்பார். இல்லாவிட்டால் துணைவரோ வாரிசோ நிர்வாகப் பத்திரம் கேட்பார். இரண்டும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் வரும் மரணசாதன வழக்குகள்: மனு, இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் பட்டியல், சொத்துப் பட்டியலும் பெறுமதியும், பத்திரிகை விளம்பரம், ஆட்சேபனை இருந்தால் விசாரணை. குறிப்பிட்ட பெறுமதிக்குக் குறைந்த சொத்துகளுக்கு இது கட்டாயமில்லை. வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால் அந்தப் பணத்துக்கு வழக்கே தேவைப்படாது. இந்த ஒரு கையொப்பத்தை வயதான பெற்றோர் எல்லோரும் இட வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

வன்னிக்கே உரிய துன்பம், கடதாசி இல்லாமை. 2009இல் இடம்பெயர்ந்து மாத்தளன் வரை போனவர்கள் உறுதியை ஒரு பையில் கொண்டுபோய் அந்தப் பையையும் விட்டுவிட்டு வந்தார்கள். உறுதி தொலைந்தால் உரித்து தொலைவதில்லை. நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். உறுதி இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் அங்கே உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயரையும் எல்லைகளையும் கொண்டு பதிவேட்டுத் தாள்களில் தேட வேண்டும். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லையாக உங்கள் தகப்பனாரின் பெயர் இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்கலாம். பேர்மிற் தொலைந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் பேரேடே ஆதாரம்.

10 ஆடி 2025

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளின் இணைப்பை அனுப்புபவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். பட்டா, செட்டில்மென்ட் பத்திரம், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை இந்தியாவுக்குரியவை. அவற்றில் சொல்லப்படும் எந்தப் படிமுறையும் கிளிநொச்சியில் பொருந்தாது.

17 ஆடி 2025

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகளை இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டிலும் அதே கேள்வி இருக்கிறது.

அப்பா 1950களில் கொலனிக்கு வந்தவர். பின்னுரித்தாளராக மூத்த மகனை, என் அண்ணாவை, நியமித்துப் பதிவு செய்திருந்தார். அண்ணா 2009இல் காணாமல் போனார். மீளக் குடியேறியபின் நான் அப்பாவிடம் நியமனத்தை மாற்றுமாறு கேட்டேன். மாற்றினால் அவன் வரமாட்டான் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும் என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. 2014இல் அப்பா போனபின் காணி அம்மாவின் சீவிய உரித்தில் இருக்கிறது. அம்மாவால் நியமனத்தை மாற்ற முடியாது. அவருக்குப் பின் நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் வராவிட்டால் அட்டவணை பேசும். அட்டவணையின் முதற்பெயரும் அண்ணாவுடையதே, அவர்தான் மூத்தவர். அவருக்கு அடுத்து, பழைய வரிசைப்படி என்றால் லண்டனில் இருக்கும் என் தம்பி. 2022க்குப் பிந்திய வாசகப்படி நான்.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம், போரின் காரணமாக ஓராண்டுக்கு மேல் காணாமல் இருப்பவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. இறந்துவிட்டார் என்று கையொப்பமிடத் தாய்மார் மறுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம், இறப்பைச் சொல்லாமல் இல்லாமையை மட்டும் சொல்லும் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. அதைக் கொண்டு மாவட்ட நீதிமன்றத்தின் வழியாகக் காணாமல் போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், பிள்ளைகளுக்குத் தற்காலிகப் பாதுகாவலராகலாம். ஆனால் அதனால் பரம்பரை உரித்துத் திறக்காது. அவர் இறந்ததாகச் சட்டம் கொள்ளவில்லை. அவர் பெயரிலுள்ள காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுத வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழே வேண்டும். எதைப் பெறுவது என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும்; காணிக்காக அவசரப்படுத்தும் உறவினரின் சொல்லைக் கேட்டு எந்தத் தாயும் கையொப்பமிடத் தேவையில்லை.

26 ஆடி 2025

ஆனி 29ஆம் திகதிக் குறிப்பில் உள்ள முத்திரைத் தீர்வைக் கணக்கைப் பார்த்து, "அப்படியானால் இப்போதே நன்கொடையாக எழுதிவிடலாம்" என்று சிலர் முடிவெடுத்திருக்கிறார்கள். தீர்வை குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. மரணசாசனத்தை நினைத்தபோது மாற்றலாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையை அப்படித் திரும்பப் பெற முடியாது. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைப் பெரும் நன்றிகேட்டின் காரணமாக இரத்துச் செய்வதானால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு மருமகனின் வீட்டுத் திண்ணையில் விருந்தாளியாக இருக்கும் பெற்றோர் வழக்குப் போடுவார்களா? போட மாட்டார்கள். ஆகவே எழுதுவதானால் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுங்கள். தாயும் தகப்பனும் இருவரும் சாகும்வரை இருக்கவும் விளைச்சலை எடுக்கவும் உரிமை உண்டென்று உறுதியிலேயே இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவரை மறந்த உறுதிகளைக் கண்டிருக்கிறேன். மறக்கப்பட்டவர் எப்போதும் தாய்தான்.

பெறுபவர் நன்கொடையை உறுதியிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். லண்டன் தம்பி கொடுப்பவரானால், தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தின், அதாவது தம் சார்பில் கையொப்பமிட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தின், மூலம் இங்குள்ள ஒருவர் கையொப்பமிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. கணவர் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். தன் சீதனக் காணியைத் தன் மகளுக்குக் கொடுக்க ஒரு பெண் கணவரின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்ற விதி மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மரணசாசனம் எழுத அந்தச் சம்மதம் தேவையில்லை. மாற்றம் வரும்வரை பெண்களுக்குத் திறந்திருக்கும் வழி அது.

04 ஆவணி 2025

அற்றோணித் தத்துவம் பற்றி மல்லாவியிலிருந்து ஒருவர்: "பெரியப்பா எனக்குத் தத்துவம் தந்திருந்தார். அவர் சித்திரையில் கனடாவில் காலமானார். தத்துவம் பதிவில் இருக்கிறது. இப்போது காணியை எழுதலாமா?" எழுத முடியாது. கொடுத்தவரின் இறப்போடு தத்துவமும் முடிந்துவிடும். இறந்தபின் அதைக் கொண்டு எழுதிய உறுதி செல்லாது, எழுதியவர் குற்றச்சாட்டுக்கும் ஆளாகலாம். பெரியப்பாவின் வாரிசுகள் மாவட்ட நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அவருடைய கனடா இறப்புச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

அவர் கேட்ட இரண்டாம் கேள்வி, இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அந்தக் காணியில் வந்து இருந்தவர் 10 ஆண்டு ஆட்சி என்று உரிமை கோரலாமா என்பது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 10 ஆண்டு எதிராட்சியால், அதாவது உரிமையாளருக்கு எதிராகக் காணியைக் கைக்கொண்டு ஆள்வதால், உரித்து வரும் என்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரின் காரணமாகத் தம் உரிமையை நீதிமன்றத்தில் கேட்க முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலம் ஓடாதவாறு பாதுகாப்பளித்தது. 2009க்குப் பின்னர் கடந்த ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இந்த வாரமே சட்டத்தரணியிடம் போக வேண்டும். போகும்போது கிராம அலுவலரிடம் இடம்பெயர்வுக் காலத்தையும் மீள்குடியேற்றத் திகதியையும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றையும், பழைய குடும்ப அட்டை இருந்தால் அதன் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள்.